டாக்டர் சொன்னார் என்றால், எந்த டாக்டர்?

மலேசியாவின் பட்டர்வொர்த்தில் இருக்கும் என் பெரியம்மாவுக்கு இருபது வருடமாக இனிப்பு நீர், அதாவது நீரிழிவு. அரசாங்க கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபோர்மின் மாத்திரையைக் காலையும் இரவும் தவறாமல் போடுகிறவர். சென்ற ஆண்டு ஒரு நாள் பார்க்கப் போயிருந்தேன். சமையலறை மேசையில் மாத்திரை அட்டைகள் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டியபடி, ஒன்றுகூடப் பிரிக்காமல் கிடந்தன.

"மாத்திரை போடலையா பெரியம்மா?" என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்து, புலனத்தில் (வாட்ஸ்அப்) வந்த ஒரு குரல் பதிவைப் போட்டுக் காட்டினார். "வணக்கம், நான் டாக்டர் பேசுகிறேன்" என்று தொடங்கியது. இந்த மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், நிறுத்திவிட்டு இந்தப் பொடியைக் கரைத்துக் குடியுங்கள் என்று நான்கு நிமிடம் நிதானமாகப் பேசியது அந்தக் குரல். ஒரு டப்பா 180 வெள்ளி.

"அந்த டாக்டர் யாருன்னு கேட்டீங்களா?"

"டாக்டர்னு சொன்னாங்கப்பா. அப்புறம் என்ன கேக்கிறது?"

விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தோம். 17.2 காட்டியது, மிக அதிகம்.

பெரியம்மா விவரம் தெரியாதவர் அல்ல, தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய அம்மா தோட்டத்தில் பால்மரம் சீவியவர். அந்தத் தலைமுறைக்கு 'டாக்டர்' என்ற சொல்லின் கனம் வேறு. லயத்து வீட்டிலிருந்து ஒரு பிள்ளை டாக்டருக்குப் படித்தால் தோட்டமே கொண்டாடிய காலம் அது. அந்த மரியாதையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அதையே பிடித்துக்கொண்டுதான் வீட்டுக்குள் வருகிறார்கள். ஆகவே, ஒருவர் தன் பட்டத்தையோ தகுதியையோ சொல்லி அறிவுரை தரும்போது நாம் எங்கெங்கே தவறுகிறோம் என்று எழுத நினைத்தேன்.

பட்டம் என்ன என்று கேட்காமல் விடுவதில்தான் பலரும் முதலில் சறுக்குகிறோம். தமிழில் இதற்குத் தனித்தனிச் சொற்கள் உண்டு. நோய்க்கு வைத்தியம் பார்ப்பவர் மருத்துவர், ஆய்வு செய்து பட்டம் வாங்கியவர் முனைவர், கௌரவத்துக்காக வழங்கப்பட்டால் அது மதிப்புறு முனைவர் பட்டம். 'டாக்டர்' என்று சொன்னால் மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர் தன்னை டாக்டர் என்று சொல்வதில் தவறே இல்லை. அவர் சொல்வதை நம்பி நாம் மாத்திரையை நிறுத்துவதுதான் தவறு. "நீங்கள் மருத்துவரா, முனைவரா?" என்று கேட்பதில் அவமரியாதை ஒன்றும் கிடையாது. உண்மையான மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சரி, மருத்துவர்தான் என்கிறார். அதை அப்படியே நம்பிவிடுவது அடுத்த தவறு. சொன்ன தகுதியைச் சரிபார்க்க நம் நாட்டில் வழி இருக்கிறது. 1971ஆம் ஆண்டு மருத்துவச் சட்டத்தின்படி, இங்கே மருத்துவம் பார்ப்பவர் மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிந்திருக்க வேண்டும். அதோடு தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். தனியார் கிளினிக் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பார்களே, அதுதான். மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தட்டினால் பதிவு விவரம் வரும், எங்கே பணிபுரிகிறார் என்பதும் தெரியும். சிறப்பு மருத்துவர்களுக்குத் தனிப் பதிவேடு உண்டு. பெரியம்மாவுக்கு வந்த குரல் சொன்ன பெயரைத் தட்டிப் பார்த்தோம். அப்படி ஒருவர் பதிவேட்டில் இல்லை.

பெயர் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. பதிவேட்டில் இருக்கும் பெயரை யார் வேண்டுமானாலும் இரவல் வாங்கிக்கொள்ளலாம். உண்மையான மருத்துவரின் முகத்தையும் குரலையும் வைத்து, அவர் பேசாததைப் பேசியதாகக் காட்டும் செயற்கை நுண்ணறிவுக் காணொளிகள் இப்போது சாதாரணமாகிவிட்டன. சான்றிதழின் படத்தை அனுப்பிவிட்டார், சமூக ஊடகத்தில் பெயருக்குப் பக்கத்தில் நீலக் குறி போட்டிருக்கிறது என்பதையெல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். படத்தைத் திருத்த ஐந்து நிமிடம் போதும். நீலக் குறியை 2022 கடைசியிலிருந்து டுவிட்டரிலும் (இப்போதைய எக்ஸ்) 2023 முதல் முகநூலிலும் மாதச் சந்தா கட்டியே வாங்க முடிகிறது. பதிவேட்டில் காட்டும் கிளினிக்கின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, அங்கே அழைத்து, "டாக்டர் இப்படி ஒரு பதிவு போட்டாரா?" என்று கேளுங்கள். பதிவை அனுப்பியவர் தந்த எண்ணுக்கு அழைத்தால் அந்த ஏமாற்றுக்காரரேதான் எடுப்பார்.

பணத்துக்கும் இதே கதைதான். முதலீட்டு ஆலோசகர் என்றால், முதலீட்டுத் துறையைக் கண்காணிக்கும் செக்யூரிட்டிஸ் கமிஷனின் உரிமப் பட்டியலைப் பாருங்கள். அங்கும் மத்திய வங்கியான பேங்க் நெகாராவிலும் எச்சரிக்கைப் பட்டியல்களும் இருக்கின்றன. உரிமம் பெற்ற நிறுவனத்தின் பெயரை அப்படியே நகல் எடுத்து ஏமாற்றுவோர் இதிலும் உண்டு. வழக்கறிஞர் என்றால் தீபகற்ப மலேசியாவில் வழக்கறிஞர் மன்றத்தின் பெயர்ப் பட்டியல் இருக்கிறது.

தகுதி உண்மையாக இருந்து, அறிவுரை பொய்யாக இருப்பது இன்னும் சிக்கலானது. லைனஸ் பாலிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் பரிசு வாங்கியவர். இதைவிடப் பெரிய தகுதியை யார் காட்ட முடியும்? அவர் 1970இலிருந்து, நிறைய வைட்டமின் சி சாப்பிட்டால் சளி பிடிக்காது என்று உலகத்துக்கே சொன்னார். பிறகு ஆயிரக்கணக்கானோரை வைத்துச் சோதித்ததில், தினமும் சாப்பிட்டாலும் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை, பிடித்த சளி கொஞ்சம் சீக்கிரம் விடுகிறது, அவ்வளவுதான் என்று தெரிந்தது. ஒரு துறையில் மேதையாக இருப்பவர் பக்கத்துத் துறைக்குப் போகும்போது பட்டமும் கூடவே போகிறது, அறிவு அதே அளவுக்குப் போவதில்லை.

2007இல் விக்கிப்பீடியாவில் நடந்ததும் நினைவுக்கு வருகிறது. இறையியல் பேராசிரியர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, பெரிய பொறுப்பு வரை உயர்ந்த ஒருவர், உண்மையில் எந்த மேற்படிப்புப் பட்டமும் இல்லாத 24 வயது இளைஞர் என்று தெரியவந்தது. விவாதம் வந்தபோது அந்தப் பேராசிரியர் பட்டத்தையே அவர் முன்னால் வைத்திருக்கிறார். இனிமேல் தகுதியைச் சரிபார்க்க வேண்டும் என்று நிறுவனர் ஜிம்மி வேல்ஸ் ஒரு யோசனை சொன்னார். அங்கே எழுதுகிறவர்கள் ஏற்கவில்லை. யார் எழுதினாலும் ஆதாரத்தைக் காட்டட்டும், அதைப் பார்த்துக்கொள்வோம் என்பது அவர்கள் வழி. எனக்கு இதில் பாதிதான் உடன்பாடு. ஆதாரத்தைப் படித்து எடைபோட நேரமும் பயிற்சியும் வேண்டும். பெரியம்மாவிடம் ஓர் ஆய்வுக் கட்டுரையைக் கொடுத்தால் என்ன செய்வார்? அவரைப் போன்றவர்களுக்குச் சரிபார்த்த தகுதி ஒரு நல்ல ஊன்றுகோல். அதனால்தான் தகுதியைச் சொல்லவே கூடாது என்பவர்களோடு நான் சேரவில்லை.

அந்தக் குரல் பதிவுக்கே திரும்ப வருகிறேன், அதில் கவனிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது. மெட்ஃபோர்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. ஏற்கெனவே சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அந்த மருந்து உடம்பில் தங்கிவிடும் என்பதால் அளவைக் குறைப்பார்கள், அல்லது நிறுத்துவார்கள். இந்த உண்மையில் பாதியை வெட்டித்தான் அந்தப் பேச்சு செய்யப்பட்டிருக்கிறது. சிறுநீரகத்தை அரிப்பது கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை. அப்புறம், பெரியம்மாவின் இரத்தப் பரிசோதனையைப் பார்க்காமலேயே மருந்தை நிறுத்தச் சொன்னதைக் கவனியுங்கள். பொறுப்பான மருத்துவர் இணையத்தில் பேசும்போது "உங்களைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது, உங்கள் கிளினிக்கில் கேளுங்கள்" என்று ஒரு முறையாவது சொல்வார். பேச்சின் முடிவில் பொடி விலைக்கு வருகிறதா என்பதையும் பாருங்கள். இனிப்பு நீரைக் குணப்படுத்தும் என்று பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. பதிவான மருந்தாக இருந்தால் டப்பாவில் எம்.ஏ.எல். (MAL) என்று தொடங்கும் எண் இருக்கும். பெரியம்மா வாங்கிய டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் எண் எதுவும் இல்லை.

ஏமாந்த கோபத்தில் எதிர்ப்பக்கம் சாய்வதும் நடக்கிறது. பட்டம் இல்லாதவர் பேச்சையே கேட்க மாட்டேன் என்கிறார்கள் சிலர். பெரியம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் அக்கா, கணவரை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறார். எந்த நேரம் போனால் காத்திருக்க வேண்டாம், திரும்பி வந்ததும் அவருக்கு எது சாப்பிடப் பிடிக்கும், உதவித்தொகைக்கு என்னென்ன படிவம் நிரப்ப வேண்டும் என்பதெல்லாம் அந்த அக்காவுக்குத் தெரிந்த அளவுக்கு எந்த நிபுணருக்கும் தெரியாது. "நான் நர்ஸ் இல்லை, என் வீட்டுக்காரருக்குச் செய்ததைச் சொல்கிறேன்" என்று தொடங்குவார். மருந்தின் அளவைப் பற்றி வாயே திறக்க மாட்டார். நான் முழுதாக நம்புகிற அறிவுரை அது.

இணையத்தில் அறிவுரை சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. என்ன படித்தீர்கள், எந்தத் துறையில் வேலை செய்கிறீர்கள், சொல்வதால் உங்களுக்குக் கமிஷன் வருமா என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். பதிவு எண்ணைச் சொன்னால் போதும், சான்றிதழைப் படம் எடுத்துப் போட வேண்டாம். பெயர், கையெழுத்து, சில நேரம் அடையாள அட்டை எண் வரை அதில் இருக்கும், அடுத்த மோசடிக்காரர் பயன்படுத்தப்போவது உங்கள் படத்தைத்தான். யாராவது "ஏன்?" என்று கேட்டால், "நான் டாக்டர், எனக்குத் தெரியும்" என்று பதில் சொல்லாதீர்கள். காரணத்தைச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே பணம் கட்டிவிட்டீர்கள் என்றால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே மோசடிப் புகாருக்கான 997 எண்ணுக்கு அழையுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குச் சீக்கிரமே மாறிவிடும். மருந்தை நிறுத்திவிட்டீர்கள் என்றால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் கிளினிக்குக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். பெரியம்மா மறுநாள் காலையிலேயே போனார், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு.