போனைத் திறக்கும்போது ஓதும் துஆ

போனைக் கையில் எடுத்தால் நான் ஓதுவது, வீட்டு வாசலைத் தாண்டும்போது ஓதும் துஆவை, அதாவது பிரார்த்தனையைத்தான். நபி (ஸல்) அவர்கள் வீட்டிலிருந்து கிளம்பும்போது இதை ஓதியதாக அவர்களின் மனைவி உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கிறார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளில் இருக்கிறது:

அல்லாஹும்ம இன்னீ அஊது பிக அன் அளில்ல அவ் உளல்ல, அவ் அஸில்ல அவ் உஸல்ல, அவ் அள்லிம அவ் உள்லம, அவ் அஜ்ஹல அவ் யுஜ்ஹல அலய்ய.

யா அல்லாஹ்! நான் வழி தவறுவதை விட்டும், வழி தவற வைக்கப்படுவதை விட்டும், சறுக்குவதை விட்டும், சறுக்க வைக்கப்படுவதை விட்டும், அநியாயம் செய்வதை விட்டும், அநியாயத்துக்கு ஆளாவதை விட்டும், அறியாமையாக நடப்பதை விட்டும், பிறர் என்னிடம் அப்படி நடப்பதை விட்டும் உன்னிடம் பாதுகாவல் தேடுகிறேன்.

போனுக்கென்று இதை யாரும் சுன்னத் (நபிவழி) ஆக்கிவிட வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆயிரம் பேர் நடுவே போய் நிற்கிறோமே, அதற்கு இதன் பொருள் பொருந்துகிறது என்பதால் ஓதுகிறேன். அரபி வராதவர்கள் தமிழிலேயே கேளுங்கள்.

எனக்கு இந்தப் பழக்கம் வந்தது ஒரு தவறுக்குப் பிறகு. உறவுக்காரப் பெண் ஒருத்திக்கு நிச்சயம் நின்றுபோனது. அதற்குக் காரணம் சொல்லி ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதிகாலை ஃபஜ்ர் தொழுத கையோடு, முஸல்லாவை (தொழுகை விரிப்பை) மடிக்கும் முன்பே, குடும்ப குரூப்புக்கு ஃபார்வர்டு செய்தேன். அதில் சொன்னது அத்தனையும் பொய் என்று மதியம்தான் தெரிந்தது. அழித்தேன். ஆனால் அதற்குள் எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். அவளுக்கு போன் போட்டபோது, "நீங்களுமா லாத்தா (அக்கா)?" என்று மட்டும் கேட்டாள்.

அதனால் பாதுகாவல் தேட வேண்டிய இரண்டாவது இடம், ஃபார்வர்டு அம்புக்குறிக்கு மேலே விரல் போய் நிற்கும் அந்த நொடி. அங்கே நீண்ட துஆ வேண்டாம். விரலை எடுத்துவிட்டு "அஊது பில்லாஹ்" (அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடுகிறேன்) சொல்லுங்கள். அப்புறம், இது உண்மை என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். பாவி ஒருவன் செய்தி கொண்டுவந்தால் தீர விசாரியுங்கள் என்கிறது குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம், 49:6. கேட்டதையெல்லாம் பரப்புவதே ஒருவர் பொய்யர் என்பதற்குப் போதும் என்று முஸ்லிம் என்ற தொகுப்பில் ஹதீஸ் இருக்கிறது. உண்மையாகவே இருந்தாலும், யாரைப் பற்றியதோ அவர் வெறுக்கும் விஷயமாக இருந்தால் அது புறம் பேசுவது. 49:12 அதை இறந்துபோன சகோதரனின் மாமிசத்தைத் தின்பதோடு ஒப்பிடுகிறது.

கண்ணும் காதும் தடுமாறும் நேரத்துக்கு, நபித்தோழர் ஷகல் பின் ஹுமைத் (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கற்றுக்கொடுத்த துஆ இருக்கிறது. அதன் தொடக்கம்: "அல்லாஹும்ம இன்னீ அஊது பிக மின் ஷர்ரி ஸம்ஈ, வமின் ஷர்ரி பஸரீ, வமின் ஷர்ரி லிஸானீ, வமின் ஷர்ரி கல்பீ". செவி, பார்வை, நாவு, உள்ளம் இவற்றின் தீங்கை விட்டும் பாதுகாவல் தேடுவது. நாவு என்று ஓதும்போது என் விரல்களை நினைத்துக்கொள்கிறேன். நான் கமெண்ட் எழுதுவது அவற்றால்தானே. ஓதிவிட்டு அதே பக்கத்தில் உட்கார்ந்திருக்கக் கூடாது. மூடிவிட்டு எழுந்துவிடுங்கள், முடிந்தால் உளூ (தொழுகைக்கு முன் கை, முகம், கால் கழுவுவது) செய்யுங்கள்.

போனை வைக்கும்போது, சபை கலையும் நேரத்தில் ஓதும் துஆ: "ஸுப்ஹானகல்லாஹும்ம வபிஹம்திக, அஷ்ஹது அல்லா இலாஹ இல்லா அன்த, அஸ்தக்ஃபிருக வஅதூபு இலைக்." யா அல்லாஹ்! நீ தூயவன், உனக்கே புகழ், உன்னைத் தவிர வேறு இறைவன் இல்லை என்று சாட்சி சொல்கிறேன், உன்னிடம் மன்னிப்புக் கேட்டு உன் பக்கமே திரும்புகிறேன் என்பது பொருள். வீண் பேச்சு மிகுந்த சபையில் உட்கார்ந்தவர், எழும் முன் இதை ஓதினால் அங்கே நிகழ்ந்தவை மன்னிக்கப்படும் என்று திர்மிதீயில் வருகிறது.

ஆனால் ஒருவரைப் பற்றி எழுதிப் புண்படுத்தியிருந்தால் இஸ்திக்ஃபாரோடு (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பதோடு) விட்டுவிடாதீர்கள். அது அடியாரின், அதாவது பாதிக்கப்பட்ட மனிதரின் உரிமை. எந்த குரூப்பில் போட்டீர்களோ அதே குரூப்பில், "நான் அனுப்பியது தவறு" என்று எழுதுங்கள். தனியாகப் பேசி மன்னிப்பும் கேளுங்கள். நான் எழுத இரண்டு நாள் ஆனது. நாலு வரிதான், அடித்து அடித்துத் திருத்தினேன். அவள் பதில் போட இன்னும் ஒரு வாரம். "சரி லாத்தா, துஆ செய்யுங்கள்" என்று வந்தது. இரவு இஷா தொழுகைக்குப் பிறகு கையேந்தும்போது அவள் பெயரையும் சொல்கிறேன்.