வின்ரர் ரயர் மாற்றும்போது நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும்?

குளிர் 7 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கினால் ரொறன்ரோப் பக்கம் வீட்டுக்கு வீடு கார் ஜக்கில் ஏறிவிடும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை வின்ரர் ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் போட்டால் காப்புறுதியில் கழிவு உண்டு. ரிம்மோடு இரண்டாவது செட் வைத்திருந்தால் நீங்களே மாற்றலாம். கழட்டிப் போடுவது சுகம், பிழை வருவது நட்டை இறுக்குகிற இடத்தில்தான்.

சில்லைப் பிடித்து வைத்திருப்பது போல்ட்டின் இழுவை. நட்டை இறுக்கும்போது போல்ட் ஒரு ஸ்பிரிங் மாதிரி மயிரிழை அளவு நீள்கிறது, அது திரும்பச் சுருங்கப் பார்க்கிற விசைதான் சில்லை ஹப்போடு, அதாவது சில்லு பொருந்துகிற நடு உலோகப் பகுதியோடு, அமத்தி வைக்கிறது. குறைவாக இறுக்கினால் சில்லு ஆடி நட்டுக் கழரும். அளவு மீறினால் போல்ட் நீண்டது நீண்டதுதான், பலம் போய்விடும். ஒருமுறை ஒரு கராஜில் எயர் கன்னால் அடித்து இறுக்கி அனுப்பினார்கள். அடுத்த வசந்தத்தில் 401 நெடுஞ்சாலை ஓரத்தில் ரயர் காற்றுப் போய் நின்றபோது, காரோடு வந்த, நட்டுக் கழட்டுகிற திறப்பில் நான் ஏறி நின்றும் ஒரு நட்டு அசையவில்லை. டோ ட்ரக் காரர் நீளக் குழாய் போட்டுத் திருப்ப, போல்ட் முறிந்து நட்டோடு அவர் கையில் வந்தது. குளிரில் பிள்ளைகள் பின்சீட்டில் இருந்தார்கள். அன்றிலிருந்து என் காருக்குக் கடைசி இறுக்கு என் கையால்தான்.

முதலில் எவ்வளவு இறுக்குவது என்ற சரியான எண்ணைப் பாருங்கள், காரோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ஹொண்டா சிவிக்குக்கு 108 நியூட்டன் மீற்றர், அதாவது 80 அடி-இறாத்தல். டொயோட்டா கொரோலாவுக்கு 103, அதாவது 76. பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன எண் உங்கள் காருக்குப் பொருந்தாது.

அப்புறம் நட்டின் வடிவம். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஹொண்டாவின் சொந்த ரிம்முக்கு அடி உருண்டையான நட்டு, வெளியில் வாங்கும் ரிம் பெரும்பாலும் கூம்பு நட்டுக்குச் செய்தது, பல டொயோட்டா அலோய் ரிம்முக்குத் தட்டை வாஷரோடு வரும் நட்டு. மாற்றிப் போட்டால் நட்டு விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும், அளவு சரியாகக் காட்டினாலும் பிடி இருக்காது.

காரைச் சமதரையில் நிறுத்தி ஹாண்ட் பிரேக் போட்டு, சில்லு தரையில் இருக்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்குங்கள். பிறகு ஜக்கில் ஏற்றிக் கழட்டுங்கள். ஹப்பைப் பாருங்கள், பனிக்கு உப்புத் தூவிய தெருவில் ஓடிய காரென்றால் நடு வளையத்தைச் சுற்றிச் செம்பழுப்பாகத் துரு படை படையாக இருக்கும். கம்பி பிரஷ்ஷால் உலோகம் தெரியும்வரை தேயுங்கள், ரிம்மின் பின்பக்கத்தையும்தான். அந்தத் துரு நடுவில் அகப்பட்டால் ஓட ஓட நொறுங்கி நட்டுத் தளர்ந்துவிடும். போல்ட்டின் புரிகளில் மட்டும் எண்ணெயோ கிரீஸோ பூசவே வேண்டாம். புத்தகத்தில் உள்ள எண் உலர்ந்த புரிக்கானது, வழுக்கினால் அதே எண்ணுக்குப் போல்ட் மிக அதிகமாக இழுபடும்.

நட்டுகளை விரலாலேயே ஏற்றுங்கள். இரண்டு மூன்று சுற்றில் இறுகினால் புரி குறுக்கே ஏறுகிறது, கழட்டித் திரும்பத் தொடங்குங்கள். சில்லு காற்றில் இருக்கும்போது மெல்ல இறுக்கி, ரயர் தரையைத் தொட்டுச் சுற்றாமல் நிற்கிற அளவுக்கு ஜக்கை இறக்குங்கள். இனி டோர்க் ரென்ச், அதாவது குறித்து வைத்த அளவு வந்ததும் 'டிக்' என்கிற திறப்பு. அடுத்தடுத்த நட்டு வேண்டாம், நட்சத்திரம் வரைவதுபோல ஒன்றுவிட்டு ஒன்று, முதல் சுற்றில் பாதி அளவு, இரண்டாம் சுற்றில் முழு அளவு. சீராக இழுங்கள், 'டிக்' என்றதும் நிறுத்துங்கள், நிச்சயப்படுத்த இன்னொரு 'டிக்' எடுப்பது அளவைக் கூட்டும். அதே ரென்சால் நட்டை இளக்கவும் வேண்டாம், அளவுமானி கெட்டுவிடும். வேலை முடிந்ததும் அதைக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள்.

80 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும், சில்லு ஆறியிருக்கும்போது, அதே அளவில் எல்லா நட்டையும் திரும்பப் பாருங்கள். நான் ஓடோமீற்றர் எண்ணைத் துண்டில் எழுதி ஸ்டியரிங்கில் ஒட்டிவிடுவேன். ஒரு நட்டுக் கொஞ்சம் நகர்ந்தால் பரவாயில்லை. பல நட்டு நகர்ந்தால் சில்லைக் கழட்டி ஹப்பைத் திரும்பப் பாருங்கள், துரு அங்கே மிச்சம் இருக்கும்.