இணையான இரு லேசர் கதிர்கள்: வீட்டிலேயே செய்யும் வேகமானிக்கான வழிகாட்டி

ஒரு பந்தோ பொம்மைக் காரோ முதலில் ஒரு லேசர் கதிரையும் பிறகு இன்னொரு கதிரையும் மறித்துச் செல்லும்போது, இரண்டு மறிப்புகளுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்து, கதிர்களுக்கு இடையிலுள்ள தூரத்தை அந்த நேரத்தால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும். உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அறிவியல் திட்டப்பணிக்காக விரும்பித் தேர்ந்தெடுக்கும் கருவி இது. ஆனால் அந்தக் கணக்கு சரியாக வருவதற்கு, பொருள் எந்த இடத்தில் கடந்தாலும் கதிர்களுக்கு இடையிலான தூரம் மாறாமல் இருக்க வேண்டும். கதிர்கள் 100 மி.மீ. இடைவெளியில் புறப்பட்டு, ஒன்றுக்கொன்று அரை டிகிரி மட்டுமே விலகிச் சென்றாலும், 1 மீட்டர் தொலைவில் இடைவெளி ஏறத்தாழ 9 மி.மீ. மாறியிருக்கும், அதாவது 9 விழுக்காட்டுப் பிழை. பொருள் எங்கே கடந்தது என்பது கருவிக்குத் தெரியாது என்பதால், இந்தப் பிழையை நிரல் எழுதி நீக்கவும் முடியாது. எனவே இத்திட்டத்தில் மிகுந்த கவனம் பெற வேண்டியது மின்சுற்று அன்று, கதிர்களின் இணைநிலையே.

இரண்டு லேசர்களைப் பக்கத்தில் பக்கத்தில் பொருத்துவதுதான் பலருக்கும் முதலில் தோன்றும் வழி. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். 6 மி.மீ. விட்டமுள்ள மலிவான பித்தளை லேசர் மாட்யூல்களில், அதாவது லேசரும் வில்லையும் ஒரே உறைக்குள் அடங்கிய சிறு குழாய்களில், கதிர் பெரும்பாலும் உறையின் அச்சோடு ஒத்துச் செல்வதில்லை. ஆகவே ஒரு கட்டையில் மிகத் துல்லியமாக இரண்டு இணைத் துளைகளைப் போட்டாலும், அவற்றிலிருந்து வெளிவரும் கதிர்கள் இணையாக இருக்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொன்றையும் கையால் திருத்திப் பசையிட்டு ஒட்டலாம். ஆனால் அடுத்த வெயில் நாளில் பசை சற்றே இளகி, செய்த திருத்தம் வீணாகிவிடும். ஒரே லேசரின் கதிரை இரண்டாகப் பிரிப்பதே நல்ல வழி. அப்போது இணைநிலையைக் கண்ணாடிகளின் அமைப்பே தாங்கிக்கொள்ளும்.

அதன் வடிவியல் எளிமையானது. லேசர் கதிரின் பாதையில் 45 டிகிரி சாய்வாக ஒரு கதிர்பிரிப்பியை, அதாவது பாதி ஒளியைக் கடத்திப் பாதியைப் பிரதிபலிக்கும் பூச்சுடைய கண்ணாடித் தகட்டை, நிறுத்துங்கள். கடந்து செல்லும் பாதி அதே திசையில் நேராகப் போகும். பிரதிபலித்த பாதி செங்கோணத்தில் பக்கவாட்டில் திரும்பும். அங்கே 100 மி.மீ. தொலைவில், கதிர்பிரிப்பிக்கு இணையாக ஒரு முகக்கண்ணாடியை வைத்தால், அந்தக் கதிர் மறுபடியும் பழைய திசைக்கே திரும்பி, முதல் கதிருக்கு இணையாகச் செல்லும். கண்ணாடிகள் இரண்டும் தமக்குள் இணையாக இருக்கும்வரை, அவை பொருத்தப்பட்ட பலகை முழுவதும் சற்றே திரும்பினாலும் கதிர்களின் இணைநிலை கெடாது; இடைவெளி மட்டும் மிகச் சிறிதளவு மாறும். லேசர் தன் பிடியில் நகர்ந்தாலும் அப்படித்தான். மாறாக, இரண்டு கண்ணாடிகளில் ஒன்று மட்டும் சாய்ந்தால் அதன் கதிர் இரு மடங்கு கோணத்தில் விலகிவிடும். ஆக, நீங்கள் காக்க வேண்டியது ஒரே ஓர் உறவைத்தான்.

உறுப்புகள் பெரும்பாலானவற்றை சிங்கப்பூரின் ஜாலான் புசாரிலுள்ள சிம் லிம் டவரின் மின்னணு உதிரிபாகக் கடைகளில் வாங்கிவிடலாம். கதிர்பிரிப்பியை மட்டும் இணையத்தில் வாங்க வேண்டியிருக்கலாம். முகக்கண்ணாடியாக அலமாரிக் கண்ணாடித் துண்டைப் பயன்படுத்தாதீர்கள். அதன் பூச்சு பின்புறத்தில் இருப்பதால், முன்புறப் பரப்பு தனியாக ஒரு மங்கலான கதிரைப் பிரதிபலிக்கும், 3 மி.மீ. தடிமனுள்ள கண்ணாடியில் அந்தப் போலிக் கதிர் உண்மைக் கதிரிலிருந்து 2 மி.மீ.க்குச் சற்று அதிகமான தூரத்தில் விழும். முன்புறப் பூச்சுடைய கண்ணாடி வேண்டும். பழைய ஸ்கேனர்களின் உள்ளே அது கிடைக்கும். பழுதான ஹார்டு டிஸ்க்கின் வட்டத்தகடும் நன்றாகப் பயன்படும்.

லேசரைப் பொறுத்தவரை, 650 நானோமீட்டர் சிவப்பு, 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத 2ஆம் பாதுகாப்பு வகுப்பு போதும். பிரித்தபின் ஒவ்வொரு கதிருக்கும் அரை மில்லிவாட் கிடைத்தாலும், கதிரின் மறுமுனையில் மறிப்பைக் கண்டறியும் உணரிக்கு அது தாராளம். மலிவான மாட்யூல்களின் மேல் அச்சிடப்பட்ட திறன் அளவை நம்ப வேண்டாம். சிங்கப்பூரில் 3பி, 4 ஆகிய வகுப்பு லேசர்களைப் பயன்படுத்த தேசிய சுற்றுப்புற வாரியத்தின் உரிமம் தேவை. இந்த வேலைக்கு அவற்றின் பக்கமே போக வேண்டியதில்லை. உட்கார்ந்திருப்பவரின் கண்மட்டத்தில் கதிர் செல்லாதபடி மேசையின் உயரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கதிர் முடியும் இடத்தில் பளபளப்பில்லாத கறுப்பு அட்டையை நிறுத்துங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டின் பொது நடைபாதை நீளமாக இருக்கிறதே என்று அங்கே சோதிக்கப் போகாதீர்கள். அண்டை வீட்டுக் குழந்தையின் கண் எந்த உயரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது.

அடிப்பலகைக்கு மரமும், மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் வேண்டாம். நம் ஊர் ஈரப்பதத்தில் அவை உப்பி வளையும். 5 மி.மீ. அலுமினியத் தகடு நல்லது. கதிர்பிரிப்பியின் பூச்சுள்ள பக்கம் லேசரைப் பார்த்திருக்க, அதை அசையாமல் பொருத்துங்கள். முகக்கண்ணாடியை ஒரு சிறு தகட்டில் ஒட்டி, அந்தத் தகட்டை மூன்று எம்3 (3 மி.மீ. விட்ட) திருகுகளாலும் சுருள்வில்களாலும் தாங்கச் செய்யுங்கள். எம்3 திருகின் ஒரு முழுச் சுற்று 0.5 மி.மீ. நகர்த்தும், திருகுகள் 50 மி.மீ. இடைவெளியில் இருந்தால், 5 மீட்டர் தொலைவில் புள்ளி 100 மி.மீ. தள்ளிப்போகும். திருகுகளின் இடைவெளியை இரட்டிப்பாக்கினால் அது பாதியாகும் என்பதால், இடம் உள்ளவரை அவற்றைத் தள்ளித் தள்ளியே வையுங்கள்.

சரிசெய்வதற்கு முன், மாட்யூலின் வில்லையைத் திருகி, அருகிலும் தொலைவிலும் புள்ளி ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும்படி செய்யுங்கள். 3 மி.மீ. அகலமுள்ள நல்ல சிவப்புக் கதிர் 10 மீட்டர்வரை பெரிதாக விரியாமல் செல்லக்கூடியது. பிறகு கெட்டியான வெள்ளை அட்டையில், எஃகு அளவுகோலால் 100 மி.மீ. இடைவெளியில் இரண்டு சிலுவைக் குறிகளை வரைந்து, அட்டையின் மேல்விளிம்பில் ஒரு நீர்மட்டத்தை ஒட்டுங்கள். அட்டையை முதலில் கண்ணாடிகளுக்கு அருகே பிடித்து, முகக்கண்ணாடியின் இடத்தை மாற்றி இரண்டு புள்ளிகளையும் குறிகளின்மேல் கொண்டுவாருங்கள். அடுத்து அதே அட்டையை வரவேற்பறையின் மறுகோடிக்கு, முடிந்தால் 5 மீட்டர் தொலைவுக்கு, எடுத்துச் சென்று, நீர்மட்டம் மாறாமல் பிடித்து, முதல் புள்ளியை அதன் குறியில் வைத்தபடி மற்றதைத் திருகுகளால் அதன் குறிக்குக் கொண்டுவாருங்கள். நீர்மட்டத்தை விட்டுவிட்டால், தூரம் சரியாக இருந்தும் ஒரு கதிர் மேலேயும் மற்றது கீழேயும் முறுக்கிச் செல்வதைக் காண முடியாது. மறுபடியும் அருகில் வந்து பாருங்கள். சில முறை மாறி மாறித் திருத்த வேண்டியிருக்கும். 5 மீட்டரில் பிழை 1 மி.மீ.க்குள் அடங்கினால், பொருள் கடந்து செல்லும் 1 மீட்டர் அகலமுள்ள வாயிலில் அது 0.2 மி.மீ. மட்டுமே. அதற்குமேல் துல்லியம் தேடுவது இந்தக் கருவிக்குத் தேவையில்லை. பயன்படுத்தாத நாட்களில், படக்கருவி வில்லைகளை வைக்கும் உலர்பெட்டியில் இதையும் வைத்தால் பூச்சுகளில் பூஞ்சை பிடிக்காது.

உணரியாக எல்டிஆர், அதாவது ஒளிக்கேற்ப மாறும் மின்தடை, வேண்டாம். அது வெளிச்ச மாற்றத்தை உணரவே பத்துக்கணக்கான மில்லிநொடிகள் எடுத்துக்கொள்ளும். ஒளிபட்டால் மின்னோட்டத்தைக் கடத்தும் போட்டோடிரான்சிஸ்டர் இரண்டை வாங்கி, ஒவ்வொன்றின் முன்னும் 50 மி.மீ. நீளமுள்ள கறுப்புக் குழாயைப் பொருத்துங்கள். பக்கத்து ஒளியும், விநாடிக்கு 100 முறை துடிக்கும் அறைவிளக்கின் தாக்கமும் பெரிதும் குறையும். அவற்றின் சைகைகளை இரு மின்னழுத்தங்களை ஒப்பிடும் எல்எம்393 ஒப்பீட்டுச் சில்லின் வழியாக, நிரலெழுதி இயக்கும் சிறு மின்பலகையான அர்டுயினோ ஊனோவின் 2, 3 ஆகிய குறுக்கீட்டு முனைகளுக்கு, அதாவது சைகை மாறியவுடன் நிரலை உடனே எழுப்பும் முனைகளுக்கு, கொடுங்கள். அதன் மைக்ரோநொடிக் கடிகாரம் 4 மைக்ரோநொடி இடைவெளியில் முன்னேறுவதால் நேரம் போதிய நுட்பத்தோடு பதிவாகும்.

கருவியைச் சோதிக்க, கதிர்கள் ஒன்றின் கீழ் ஒன்றாக வரும்படி பலகையை நிமிர்த்தி வையுங்கள். ஓர் எஃகுக் குண்டின் அடிப்புறம் மேல் கதிருக்குச் சரியாக 1 மீட்டர் உயரத்தில் இருக்குமாறு பிடித்து, தள்ளாமல் விடுங்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகிலுள்ள சிங்கப்பூரில் புவியீர்ப்பு முடுக்கம் விநாடிக்கு விநாடி 9.78 மீட்டர் என்பதால், இரு மறிப்புகளுக்கும் இடையே ஏறத்தாழ 22.1 மில்லிநொடி வர வேண்டும். இதே சோதனையை லேசருக்கு அருகில் ஒருமுறையும் உணரிகளுக்கு அருகில் ஒருமுறையும் செய்யுங்கள். இரண்டு நேரங்களும் ஒத்திருந்து, ஆனால் 22.1இலிருந்து விலகியிருந்தால், கதிர்களின் இடைவெளியை மறுபடி அளந்து நிரலில் திருத்தினால் போதும். நேரங்கள் ஒன்றுக்கொன்று மாறுபட்டால் முகக்கண்ணாடியின் திருகுகளுக்கே திரும்ப வேண்டும்.