நடுகல்லில் இருக்கும் வீரனின் பெயரைப் படிப்பது எப்படி?

பல்லவ அரசர்களைப் பற்றிச் சொல்லக் கோயில்களும் செப்பேடுகளும் இருக்கின்றன. எருமை மேய்த்தவனுக்கும் புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கும் மிஞ்சியது அவன் நினைவாக நட்ட ஒரு பலகைக்கல்தான்; அதுதான் நடுகல். அதில் எழுத்தும் இருந்துவிட்டால், வேறெந்த ஏட்டிலும் இல்லாத ஒரு பெயர் நமக்குக் கிடைக்கும். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட கற்களைத் தேடிப் பார்க்க விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: சரியான பெயரில் கேளுங்கள்

‘நடுகல் எங்கே?’ என்றால் ஊரில் பலர் விழிப்பார்கள். தருமபுரி, திருவண்ணாமலைப் பக்கம் ‘வேடியப்பன்’ என்று கேளுங்கள். கொங்குப் பக்கம் ‘புலிகுத்திக் கல்’. ஆடு மேய்ப்பவர்களிடம் விசாரிப்பது இன்னும் நல்லது. ஏரிக்கரையும் கரம்பும் அவர்களுக்கு அத்துப்படி. கல்லுக்குப் பூசை நடக்கிறதென்றால் பூசாரியிடம் கேட்டுவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டுக் கிட்டே போங்கள்.

படி 2: வெயில் சாயட்டும்

முதல் தடவை உச்சிவெயிலில் போய் நாற்பது படம் எடுத்துவந்தேன். ஒன்றில்கூட எழுத்து தெரியவில்லை. காலை அல்லது மாலைச் சாய்வெயிலில்தான் வெட்டுப்பள்ளங்களில் நிழல் விழும். இல்லாவிட்டால் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். சாக்பீஸ், மாவு எதுவும் பூசாதீர்கள். கம்பியால் சுரண்டவே கூடாது. மைப்படி, அதாவது கல்மேல் தாளை ஒற்றி மையால் நகல் எடுப்பது, பயிற்சி உள்ளவர்களின் வேலை.

படி 3: வாசகத்தை வாலிலிருந்து பிடியுங்கள்

எழுதப்பட்ட நடுகற்கள் பல ‘பட்டான் கல்’ என்று முடியும். பட்டான் என்றால் இறந்தான். திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம் வட்டாரத்தின் பழைய கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்தில், அதாவது தமிழை எழுதிய ஒரு பழைய எழுத்துமுறையில், இருக்கும். முழு நெடுங்கணக்கும் தெரிய வேண்டாம், ப, ட, க, ல ஆகியவற்றின் பழைய வடிவம் பழகினால் தொடங்கிவிடலாம். பல கற்களில் புள்ளி இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். முடிவு கிடைத்ததும் பின்னோக்கி நகருங்கள்: அவன் செய்த செயல், அவன் பெயர், அவனுடைய தலைவன், கடைசியாக அரசனும் ஆட்சியாண்டும்.

செங்கம் பக்கத்து எடுத்தனூர்க் கல்லை எடுத்துக்கொள்வோம். முடிவில் ‘பட்டான் கல்’. அதற்கு முன் எருமைகளைக் காக்க நின்ற செய்தி. அதற்கும் முன் பெயர்: கருந்தேவகத்தி. அவன் பொற்றொக்கையார் என்பவரின் ஆள். தொடக்கத்தில் பல்லவ அரசன் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டு; அதாவது 7ஆம் நூற்றாண்டு.

இத்தோடு எழுந்துவிடாதீர்கள். அதே கல்லில் ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது, அதற்கெனத் தனி வாசகமும் உண்டு. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்வர்களைக் கடித்துவிட்டுக் காத்து நின்றதாம். அந்த வீரனைவிட அவன் நாயின் பெயர்தான் என் மனத்தில் முதலில் பதிந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மூலைகளையும் உருவங்களின் இடைவெளிகளையும் தவறாமல் பாருங்கள்.

படி 4: எழுதி வையுங்கள்

கல்லின் உயரம், அகலம், அது பார்க்கும் திசை, இருக்கும் இடம் ஆகியவற்றைக் குறியுங்கள். ஏற்கெனவே படிக்கப்பட்ட கல்லா என்று மாவட்ட அருங்காட்சியகத்திலோ மாநிலத் தொல்லியல் துறையிலோ கேளுங்கள். புதிது என்றால் அவர்களுக்கே தெரிவியுங்கள். கல்லை இடம் மாற்ற வேண்டாம்.

ஊரார் சொல்லும் கதையைத் தனித்தாளில் எழுதுங்கள். கதையில் வரும் பெயரும் கல்லில் உள்ள பெயரும் வேறு வேறாக இருக்கலாம். ஒன்றைக் கொண்டு மற்றதைத் திருத்தாதீர்கள்.