ரெண்டாம் உலக யுத்தத்துல கைதியா பிடிபட்ட தாத்தாவோட பட்டாள ரெக்கோர்ட்ட தேடுறது எப்படி (மலையக குடும்பங்களுக்கு)

"தாத்தா பட்டாளத்துல இருந்தாரு, ஜப்பான்காரன் பிடிச்சு வச்சிருந்தான்" அப்படின்னு வீட்டுல ஒரு கதை இருக்கும், கேட்டா அதுக்கு மேல யாருக்கும் தெரியாது, ஒரு கடதாசியும் இருக்காது. அந்த மாதிரி வீட்டு பிள்ளைங்களுக்குத்தான் இத எழுதுறேன்.

உடனே போன எடுத்து பேர போட்டு தேடாதீங்க, ராமசாமின்னு போட்டா உலகத்துல உள்ள ராமசாமி எல்லாம் வரும். முதல்ல ரெண்டு விஷயம் தெரியணும். எந்த பட்டாளம் அவர சேர்த்துச்சு, சேரும்போது எந்த ஊர்ப்பேர சொன்னாரு. ஒரு கைதியோட சர்வீஸ் கடதாசி அவர் பிடிபட்ட நாட்டுல தேடினா கிடைக்காது, அவர சேர்த்துக்கிட்ட பட்டாளத்துகிட்டதான் இருக்கும். நம்ம ஆளுங்க விஷயத்துல இது ரொம்ப குழப்பம், ஏன்னா ஒருத்தர் இங்க சிலோன் டிஃபென்ஸ் ஃபோர்ஸ்ல சேர்ந்திருக்கலாம், இல்லாட்டி ஊருக்கு போன இடத்துல திருச்சியிலயோ சேலத்துலயோ இந்திய ஆர்மிக்கு ஆள் எடுத்தப்ப சேர்ந்திருக்கலாம், அந்த ரெண்டுக்கும் தேடுற இடமே வேற.

மூணாவதா ஒண்ணு இருக்கு, இத முதல்லயே பார்த்துடுங்க. நம்ம ஊர்ப்பக்கத்துல இருந்து ஒரே குடும்பத்துல அண்ணன் சிலோனுக்கு, தம்பி மலாயாவுக்குன்னு போனவங்க இருக்காங்க. மலாயா ரப்பர் தோட்டத்துல இருந்த தமிழ் ஆளுங்கள ஜப்பான்காரன் சயாம் (இப்ப தாய்லாந்து) ரயில்பாதை போட கூட்டிட்டு போனான். அது சுமார் 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபர்ல முடிஞ்சுது. அதுல வேலை செஞ்ச நேச நாட்டு சிப்பாய் கைதிங்க 60,000 பேருக்கு மேல, 12,000 பேருக்கு மேல செத்தாங்க, அவங்களுக்கு கார்டு இருக்கு, லிஸ்ட் இருக்கு, கல்லறை இருக்கு. கூட வேலை செஞ்ச ஆசிய தொழிலாளிங்க அவங்கள விட பல மடங்கு, செத்ததும் பல மடங்கு, ஆனா அந்த மாதிரி பேர் பேரா ரெக்கோர்ட் வைக்கல. அதனால குடும்பக் கதையில "சயாம்ல ரயில் ரோட்டு போட்டாரு"ன்னு வந்தா, அவர் சிப்பாயா போனாரா தோட்டத்துல இருந்து போனாரான்னு கேட்டுக்கங்க. தோட்டத்துல இருந்துதான்னா பட்டாள ரெக்கோர்ட் ஆபிஸுக்கு எழுதி வருஷக்கணக்கா காத்திருக்க வேணாம். அவர் பட்ட கஷ்டம் கைதி பட்டதுக்கு குறைஞ்சது இல்ல, அத தனியா எழுதி வைங்க, சாட்சி சொல்ல உங்க குடும்பத்த விட்டா ஆளே இல்லாம இருக்கலாம்.

சிப்பாய்தான்னா வீட்டுல இருந்தே ஆரம்பிங்க. பெட்டியில மெடல் இருந்தா பிரஷ், புளி எதையும் போட்டு தேய்க்காதீங்க. இந்திய ஆர்மிக்கு குடுத்த ரெண்டாம் உலக யுத்த மெடல்ல விளிம்புல, நட்சத்திர மெடல்னா பின்பக்கத்துல, நம்பர், பேர், ரெஜிமென்ட் பொறிச்சிருப்பாங்க, அந்த நம்பர் கிடைச்சா பாதி வேலை முடிஞ்சுது. பிரிட்டிஷ் ஆர்மிக்கு குடுத்தது வெறுமையா இருக்கும். நட்சத்திர மெடல்ல எழுதியிருக்கிற இடத்துப் பேரையும் பாருங்க, பசிபிக் ஸ்டார்னா மலாயா, சிங்கப்பூர் பக்கம், ஆஃப்ரிக்கா ஸ்டார்னா வட ஆப்பிரிக்கா.

பாட்டி இருந்தாங்கன்னா "என்ன நடந்துச்சு"ன்னு பொதுவா கேட்டா பதில் வராது, ஊர்ப்பேர ஒவ்வொண்ணா சொல்லி கேளுங்க. சிங்கப்பூர், பினாங்கு, ரங்கூன், ஹொங்கொங், இத்தாலி, ஜெர்மனி. இத்தாலின்னு சொன்னா ஆச்சரியப்படாதீங்க, 1942 ஜூன் 21ல வட ஆப்பிரிக்காவுல டோப்ரூக் விழுந்தப்ப பிடிபட்ட முப்பதாயிரத்து சொச்சம் பேர்ல இந்திய பட்டாளமும் இருந்துச்சு, இந்திய கைதிங்க இத்தாலி கேம்ப்ல, அப்புறம் ஜெர்மனியில அன்னபுர்க்ல, பிரான்ஸ்ல எபினால்ல எல்லாம் இருந்திருக்காங்க.

இன்னொரு பெரிய புதையல் குடியுரிமை விண்ணப்பம். 1948 சட்டத்தால நம்ம ஆளுங்க நாடில்லாதவங்க ஆனாங்க, அப்புறம் 1949 சட்டத்துல விண்ணப்பம் போட்டவங்க, கல்யாணம் ஆனவங்கன்னா 7 வருஷம், ஆகாதவங்கன்னா 10 வருஷம், 1946 ஜனவரி 1க்கு முந்தி தொடர்ந்து இலங்கையில இருந்ததா காட்டணும். யுத்தத்துக்கு வெளிநாடு போன மனுஷன் அந்த இடைவெளிக்கு காரணம் சொல்லித்தானே ஆகணும்! அதனால அந்த விண்ணப்பத்தோட கொப்பி, சத்தியக் கடதாசி, தோட்டத்து ஆபிஸ் குடுத்த கடிதம், மறுப்புக் கடிதம் எதுவா இருந்தாலும் வரி வரியா படிங்க. 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்துல போன சித்தப்பா, அத்தை குடும்பம் கூடலூர், கோத்தகிரி பக்கம் இருந்தா அவங்ககிட்டயும் கேளுங்க, மூத்த பிள்ளை போனா பெட்டியும் அவரோடயே போயிருக்கும்.

பேர் விஷயத்துல பொறுமை வேணும். இங்கிலீஷ்ல எழுதின கிளார்க்குக்கு நம்ம பேர் காதுல விழுந்த மாதிரிதான் எழுத வந்துச்சு. கடைசி எழுத்து Yயா Iயா, நடுவுல W இருக்கா இல்லையா, எல்லா மாதிரியும் எழுதி ஒரு கொப்பியில வச்சுக்கிட்டு ஒவ்வொண்ணா தேடுங்க, அப்பா பேர மட்டும் போட்டும் தேடுங்க.

அவர் திரும்பி வரலன்னா, யுத்தத்துல செத்த சிப்பாய்ங்க கல்லறைய பார்த்துக்கிற காமன்வெல்த் வார் கிரேவ்ஸ் கமிஷன் வெப்சைட்தான் முதல்ல, காசு இல்ல. இந்திய சிப்பாய் பக்கத்துல கூடுதல் விவரம்னு இருக்கிற இடத்துல இன்னாரோட மகன், இன்னாரோட புருஷன், இந்த கிராமம், இந்த ஜில்லான்னு போட்டிருப்பாங்க. தோட்டத்துப் பேரா போட்டு தேடினா ஒண்ணும் வராம போகலாம், பூர்வீக கிராமத்த போட்டா வரும், அதுக்குத்தான் முதல்லயே ஊர்ப்பேர் முக்கியம்னு சொன்னேன். கல்லறை இல்லன்னு விட்டுடாதீங்க, இந்து சிப்பாய்ங்கள எரிச்சிருப்பாங்க, உடம்பே கிடைக்காதவங்களும் இருக்காங்க. சிங்கப்பூர் கிராஞ்சியில 24,000க்கு மேல, பர்மா தவுக்கியான்ல சுமார் 27,000 பேர் பேரு கல்லுல வெட்டியிருக்கு.

உயிரோட வந்தவருக்கு அந்த வெப்சைட்ல ஒண்ணும் இருக்காது. இந்திய ஆர்மி சிப்பாயோட கடதாசி அந்தந்த ரெஜிமென்ட் ரெக்கோர்ட் ஆபிஸ் பொறுப்பு, மெட்ராஸ் ரெஜிமென்ட்னா நீலகிரி வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ்னா பெங்களூரு. கடிதத்துல நம்பர், பேர் (எல்லா ஸ்பெல்லிங்கும்), அப்பா பேர், கிராமம், தாலுகா, ஜில்லா எழுதி, நீங்க எப்படி சொந்தம்னு காட்ட உங்க பிறப்புச் சாட்சிப் பத்திரம், உங்க அப்பா அம்மாவோடது, தாத்தா மரணப் பத்திரம் எல்லாம் கொப்பி வைங்க. தோட்ட ஆளுங்களுக்கு பழைய பிறப்புப் பத்திரம் கிடைக்கிறது கஷ்டம், அதனால மாவட்டப் பதிவாளர் கந்தோருக்கு முதல்ல போங்க. சிலோன் படைன்னா கொழும்பு தேசிய சுவடிகள் திணைக்களத்துல விசாரிங்க.

லண்டன் கியூவுல இருக்கிற பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்துல டபிள்யூ.ஓ. 345 (WO 345)ன்னு ஒரு வரிசை, ஜப்பான்காரன் வச்சிருந்த கைதி கார்டு சுமார் 56,000. கேட்டலொக்க பார்க்க காசு இல்ல, கொப்பிக்குத்தான் காசு. கார்டுல பாதி ஜப்பானிய எழுத்து, பயப்படாதீங்க, தேதிய மட்டும் நீங்களே படிக்கலாம். வருஷம், மாசம், நாள்னு வரும், வருஷம் சோவா கணக்கு (ஜப்பான் ராஜா ஆட்சிய வச்சு எண்றது), அதோட 1925 கூட்டுங்க. 17, 2, 15ன்னா 1942 பெப்ரவரி 15, சிங்கப்பூர் சரணடைஞ்ச நாள். ஜெனிவா செஞ்சிலுவைச் சங்க ஆவணத்துலயும் கைதி விவரம் இருக்கு, ஆனா குறிப்பிட்ட நேரத்துலதான் விண்ணப்ப ஃபோம் திறப்பாங்க, ஆள் நிரம்பினா மூடிடுவாங்க, அதனால விவரம் எல்லாம் தயாரா வச்சுக்கிட்டு திறக்கிற அன்னைக்கே அனுப்புங்க.

சிங்கப்பூர்ல பிடிபட்டவருன்னா இன்னொண்ணும் பாருங்க. 1942 பெப்ரவரி 17ல இந்திய சிப்பாய்ங்கள ஃபாரர் பார்க்ல தனியா கூட்டினாங்க, அதுல இருந்து பல ஆயிரம் பேர், ஜப்பான் பக்கம் நின்னு பிரிட்டிஷ்காரன எதிர்த்த இந்திய தேசிய ராணுவத்துல சேர்ந்தாங்க, மறுத்தவங்கள நியூகினி வரைக்கும் வேலைக்கு அனுப்பினாங்க. யுத்தம் முடிஞ்சப்புறம் பிரிட்டிஷ்காரன் திரும்பி வந்தவங்கள விசாரிச்சு வெள்ளை (விசுவாசமா இருந்தவங்க), சாம்பல் (ஏமாந்து சேர்ந்தவங்க), கறுப்பு (முழு மனசோட எதிர்த்தவங்க)ன்னு பிரிச்சான். தாத்தா இதப்பத்தி வாயே திறக்காம இருந்ததுக்கு இது ஒரு காரணமா இருக்கலாம், அவர் எந்தப் பக்கம் நின்னிருந்தாலும் உயிர கையில பிடிச்சுக்கிட்டு எடுத்த முடிவு அது, அதுக்கு அவமானப்பட ஒண்ணுமில்ல. டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தோட அபிலேக் படல் வெப்சைட்ல இந்திய தேசிய ராணுவ ஃபைல் தேடலாம், தாத்தா பேர்ல ஒண்ணும் வரலன்னா அவரோட ரெஜிமென்ட், பட்டாலியன் பேர போட்டு தேடுங்க.