ஒரே விசைப்பலகை, இரண்டு கணினி: இரண்டு மீற்றர் கேபிளில் முடிந்த வேலை

தலவாக்கலைப் பக்கம் எங்கள் வீட்டில் மேசைக்கணினியும் மடிக்கணினியும் ஒரே மேசையில் இருக்கின்றன. வினாத்தாள்களை ஒன்றில் தட்டச்சு செய்து, மற்றதில் பக்கம் அமைத்து அச்சுக்கு அனுப்புவேன். விசைப்பலகை இரண்டு, மவுஸ் இரண்டு, தேநீர்க் கோப்பை வைக்க இடமில்லை. ஒருநாள் தவறான விசைப்பலகையில் அரைப் பக்கம் தட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோதுதான் இதற்கொரு முடிவு கட்டுவதென்று உட்கார்ந்தேன்.

வழிகள் மூன்று. யூஎஸ்பி சுவிட்ச் வாங்கிப் பொத்தானை அழுத்தி மாற்றலாம். மென்பொருளே வேண்டாம், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் விண்டோஸ் அடையாளம் காணும்வரை ஓரிரு விநாடி காத்திருக்க வேண்டும். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. லொஜிடெக் கே380 போன்ற புளூடூத் விசைப்பலகை மூன்று கருவிகளை நினைவில் வைத்திருக்கும். அதை மாற்றிய பிறகு மவுஸையும் தனியாக மாற்ற வேண்டும். மூன்றாவது வழி மென்பொருள். மவுஸைத் திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் அது அடுத்த கணினியின் திரையில் போய் நிற்கும், விசைப்பலகையும் கூடவே போகும். இதற்குப் பழகிய கை மற்ற இரண்டையும் தொடாது.

இரண்டு கணினியும் விண்டோஸ் என்றால் மைக்ரோசொஃப்டின் பவர்டோய்ஸ் தொகுப்பிலுள்ள ‘மவுஸ் விதவுட் போர்டர்ஸ்’ இருக்கிறது. இலவசம், நான்கு கணினிகள் வரை சேர்க்கலாம். என் மேசைக்கணினி சில நாள் லினக்ஸில் ஓடுவதால் நான் எடுத்தது டெஸ்க்ஃப்ளோ. அதுவும் இலவசம்தான். பழைய விளக்கங்கள் பரியர் என்ற மென்பொருளைச் சொல்லும். அதன் கடைசி வெளியீடு 2021இல் வந்தது, அதைத் தேடாதீர்கள்.

முதலில் வைஃபையில்தான் இணைத்தேன். மவுஸின் அசைவு மிகச் சிறிய தரவு. இணைய வேகம் இதில் ஒரு பொருட்டே இல்லை. ரவுட்டருக்கு மின்சாரம் இருந்தால் போதும். தொல்லை தருவது தாமதம் கூடிக் குறைவதுதான். மலைநாட்டு வீட்டில் 4ஜி ரவுட்டர் எங்கே இருக்க வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது நாமல்ல, எதிர்மலையில் நிற்கும் கோபுரம். எங்கள் வீட்டில் அது சமையலறை ஜன்னல். இரண்டு சுவர் தாண்டி மேசைக்கு வரும்போது மவுஸ் நடந்தது, நின்றது, பிறகு வெட்டுக்கிளி போலப் பாய்ந்தது. வைஃபையின் 2.4 கிகாஹேட்ஸ் அலைவரிசையில் புளூடூத்தும் கூட்டத்தோடு நெரிகிறது. பக்கத்தில் யூஎஸ்பி 3 வன்தட்டு இருந்தால் அதன் ரேடியோ இரைச்சலும் சேரும். 5 கிகாஹேட்ஸுக்கு மாறினால் சுவர் மிச்சத்தையும் விழுங்கிவிட்டது. ரவுட்டரும் கணினிகளும் ஒரே அறையில் இருப்பவர்களுக்கு வைஃபை தாராளமாகப் போதும். மற்றவர்கள் கேபிளுக்கு வாருங்கள்.

படி 1: இரண்டிலும் டெஸ்க்ஃப்ளோவை நிறுவுங்கள்.

படி 2: நெட்வேர்க் கேபிளை ஒன்றிலிருந்து மற்றதுக்கு நேரே செருகுங்கள். ரவுட்டர் வேண்டாம். கிகாபிட் போர்ட் என்றால் சாதாரணக் கேபிளே போதும், ‘குறுக்குக் கேபிள்’ கேட்டுக் கடை கடையாக ஏற வேண்டாம். மடிக்கணினியில் போர்ட் இல்லையென்றால் யூஎஸ்பி ஈதர்நெட் அடாப்டர் ஒன்று தேவை.

படி 3: மடிக்கணினியின் ஈதர்நெட்டுக்கு 192.168.50.1, மேசைக்கணினிக்கு 192.168.50.2 என்று ஐபி முகவரி கொடுங்கள். சப்நெட் மாஸ்க் இரண்டிலும் 255.255.255.0. கேட்வே (இணையத்துக்குப் போகும் வாசலின் முகவரி) கட்டத்தை வெறுமையாக விடுங்கள். வெற்றுக் கட்டம் கண்ணை உறுத்துகிறதென்று நான் அதை நிரப்பினேன். இணையம் அந்தக் கேபிளுக்குள் வழி தேடி நின்றுவிட்டது.

படி 4: விசைப்பலகை எதில் செருகியிருக்கிறதோ அதுவே சேர்வர். பலரும் மேசைக்கணினியைச் சேர்வர் ஆக்குவார்கள். நான் மடிக்கணினியைத்தான் ஆக்கச் சொல்வேன். ஆடிக் காற்றில் மரம் முறிந்து மின்கம்பியில் விழுந்தால் மேசைக்கணினி அணைந்துவிடும். மடிக்கணினி பட்டரியில் ஓடும், நல்ல விசைப்பலகையும் உங்கள் கையிலேயே இருக்கும். சேர்வரின் அமைப்பில் மற்றக் கணினியின் திரையை வலப்பக்கமோ இடப்பக்கமோ, மேசையில் இருப்பது போலவே வையுங்கள். அதற்கு இடும் பெயர் மேசைக்கணினியில் டெஸ்க்ஃப்ளோ காட்டும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். மேசைக்கணினியில் சேர்வர் முகவரியாக 192.168.50.1 கொடுங்கள்.

படி 5: இங்கேதான் எனக்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் போயிற்று. இணைப்பு வரவில்லை. மறுமுனைக் கணினி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் ‘பிங்’ கட்டளையை அனுப்பிப் பார்த்தேன், பதில் இல்லை. கேபிள்தான் பழுது என்று முடிவு கட்டி, மழையில் பஸ் ஏறி ஹட்டனுக்குப் போய்ப் புதிதாக ஒன்று வாங்கி வந்தேன். அதிலும் அதே நிலைதான். போர்ட்டின் சிறு விளக்கு இரண்டு கேபிளுக்கும் எரிந்துகொண்டிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

கேபிளில் குற்றமில்லை. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுத்துக் காக்கும் விண்டோஸ் ஃபயர்வோல் வழக்கமாகவே பிங்குக்குப் பதில் சொல்ல விடாது. அதோடு, கேட்வே இல்லாத இணைப்பை விண்டோஸ் ‘அடையாளம் காணாத வலையமைப்பு’ என்று கருதிப் பொது வலையமைப்பில் சேர்த்து, வெளியிலிருந்து வருவதைத் தடுத்துவிடும். சேர்வரில் ஃபயர்வோலின் மேம்பட்ட அமைப்பைத் திறந்து, புதிய உள்வரும் விதி ஒன்று எழுதுங்கள்: டீசீபீ, போர்ட் 24800, அனுமதி, எல்லா வலையமைப்பு வகைக்கும். விதியை எழுதிய பின் அதன் பண்புகளில் தொலை முகவரியாக 192.168.50.2ஐ மட்டும் கொடுங்கள். ஃபயர்வோலை முழுவதும் அணைத்துவிடச் சொல்லும் அண்ணன்மார் உண்டு, கேட்காதீர்கள்.

அதற்குப் பிறகும் வரவில்லையா? முதல்நாள் வந்த ஃபயர்வோல் எச்சரிக்கையில் அவசரத்தில் ‘ரத்து’ அழுத்தியிருப்பீர்கள். அப்போது டெஸ்க்ஃப்ளோவைத் தடுக்கும் விதியொன்று தானாக எழுதப்பட்டுவிடும். தடையும் அனுமதியும் மோதினால் தடைதான் வெல்லும். பட்டியலில் சிவப்புக் குறியோடு இருப்பதைத் தேடி நீக்குங்கள். இணைந்ததும் டெஸ்க்ஃப்ளோ கைரேகை போன்ற ஒரு குறியீட்டைக் காட்டிக் கேட்கும். இரண்டு திரையிலும் ஒன்றாக இருந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை: மேசைக்கணினியில் தமிழ் எழுத்து விழவில்லை என்று பண்டாரவளையிலிருந்து ஓர் அக்கா எழுதியிருந்தார். பாமினி எழுத்துருவில் எழுதுபவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை, ஏனென்றால் பாமினி உள்ளுக்குள் ஆங்கிலக் குறியீடுதான். யூனிகோடில் எழுதுபவர்கள் சேர்வரை ஆங்கிலத்திலேயே விட்டுவிட்டு, எந்தக் கணினியில் எழுத்து விழ வேண்டுமோ அதில் தமிழுக்கு மாற்ற வேண்டும்.

இன்னொரு தம்பி, அடுத்த வீட்டிலுள்ள கணினிக்குக் கூரை வழியாகக் கேபிள் இழுக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. ஒக்டோபர், நவம்பர் இடிமின்னலில் வெளியே தொங்கும் செப்புக் கம்பி இரண்டு கணினியையும் சேர்த்து எரிக்கும். அந்த இடத்தில் வைஃபையின் தடுமாற்றத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய விசைப்பலகையையும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். விண்டோஸின் கடவுச்சொல் திரைவரை டெஸ்க்ஃப்ளோ எட்டும். அதற்கு முன்னால் வரும் பயோஸ் திரைக்கு எட்டாது. என்னுடையது ஒரு சீனிப் பையில் சுற்றி மேசைக்கடியில் கிடக்கிறது.