பையனை முன்னுக்கு நகர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கத்துப் பாடசாலை உதைபந்தாட்ட அணிகளில், தடுப்பு வரிசைக்கு முன்னால் நின்று அழகாகப் பாஸ் கொடுக்கும் பையன் ஒருவன் இருப்பான். அணிக்குக் கோல் விழவில்லை என்றதும், "நீ முன்னுக்குப் போ" என்பார் சேர். அதோடு விட்டுவிடுவதுதான் பெரிய தவறு.

பின்னால் ஆடியபோது மைதானம் முழுவதும் அவன் கண்முன் இருந்தது. மேலே போனதும் முதுகில் ஓர் ஆள் ஒட்டி நிற்கும்போதுதான் பந்து வரும். எங்கே நிற்பதென்று தெரியாமல், கோல் போட முன்னணியில் நிற்கும் ஸ்ட்ரைக்கருக்குப் பக்கத்திலேயே போய் நிற்பான். எதிரணியின் நடுக்கள வரிசைக்கும் தடுப்பு வரிசைக்கும் இடையில் கிடக்கும் வெற்றிடம்தான் அவனுடைய இடம். பந்து வருமுன் தோளுக்கு மேலால் இரு பக்கமும் பார்த்து, உடம்பைப் பாதி திருப்பி, பந்துக்குத் தூரத்தில் உள்ள காலால் வாங்க வேண்டும். அப்போது முதல் தொடுகையிலேயே கோலை நோக்கித் திரும்பலாம். இதைப் போட்டி நடக்கும்போது கத்திச் சொல்லிப் பலனில்லை. பயிற்சியில் பந்து அவனிடம் வரும்போது, பின்னால் ஒருவர் விரல்களைக் காட்டட்டும். எத்தனை விரல் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாவிட்டால் அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

வேகமாக ஓடுகிறான், பலமாக அடிக்கிறான் என்பதற்காக மட்டும் இந்த இடத்துக்கு ஆள் எடுக்காதீர்கள்.

அப்புறம், அவன் விட்டுப்போன இடம். அதைக் காக்கவும் ஆள் வேண்டும். இங்கிலாந்து நடுக்கள வீரர் ஜூட் பெல்லிங்ஹாம் ஜெர்மன் கழகமான டோர்ட்மண்டில் 2022-23 பருவத்தில் 8 லீக் கோல்கள் போட்டார். ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் போனதும் அப்போதைய பயிற்சியாளர் அன்செலோட்டி அவரை மேலே ஏற்றினார். 2023-24இல் 19 லீக் கோல்கள். அவருக்குப் பின்னால் நடுக்களத்தைக் காக்க ஆட்கள் இருந்தார்கள். முன்னால் முன்கள வீரர்கள் வினிசியஸும் ரொட்ரிகோவும் பக்கவாட்டில் விலகி அவர் ஓடிவர வழிவிட்டார்கள். நம் பையனுக்கும் அந்த ஏற்பாடு வேண்டும்.

தோட்டத்து மைதானங்கள் பல சிறியவை, சரிவானவை. தென்மேற்குப் பருவமழையில் சேறாகிவிட்டால் எல்லோரும் பந்தைத் தூக்கித்தான் அடிப்பார்கள்; அது அவன் தலைக்கு மேலாலேயே போகும். அந்த நிலையில் அவனைச் சோதிப்பது நியாயமில்லை.

கோல் போடவில்லை என்று அடுத்த ஆட்டத்திலேயே பின்னுக்கு இழுக்காதீர்கள். அந்த வெற்றிடத்தில் எத்தனை தடவை பந்து வாங்கினான், எத்தனை தடவை திரும்பினான் என்று ஒருவர் எழுதி வைக்கட்டும். திரும்பும்போது பந்தைப் பறிகொடுத்தால் திட்ட வேண்டாம். திட்டினால் அடுத்த பந்தைப் பயத்தில் பின்னுக்கே தட்டிவிடுவான்.